இருபத்தேழாவது குறிப்பு

வெளிநாடு போகிற அக்காவுக்குத் தம்பி எழுதிக் கொடுத்த குறிப்புகள் மொத்தம் இருபத்தேழு. நாலு தாளில் முன்னும் பின்னுமாக எழுதி, ஓரத்தைத் தைத்து, நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு, விமானம் ஏறுகிற அன்று காலையில் கையில் கொடுத்தான். ஆறு நாள் பயணத்துக்கு இது அதிகம்தான். ஆனால் அவன் குணம் தெரிந்தவர்கள், இருபத்தேழோடு நிறுத்திக்கொண்டானே என்றுதான் ஆச்சரியப்பட்டார்கள்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வங்கியில் அவனுக்கு ஏமாந்தவர்களின் போனை எடுக்கிற வேலை. பரிசு விழுந்தது என்று நம்பியவர்கள், கார்டு நம்பரைச் சொன்னவர்கள், "என் மகன் குரல்லதான் சார் பேசினான்" என்று அழுகிறவர்கள் என்று ஒரு நாளைக்கு முப்பது பேர். பதினெட்டு வருஷமாகக் காதில் இதையே வாங்கிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் உலகம் நல்லபடியாகத் தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீட்டைப் பூட்டிவிட்டு பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பான்.

அக்கா நேர் எதிர். மூடிக் கிடக்கிற எதைக் கண்டாலும் அவளுக்குக் கை அரிக்கும். ஆயத்த ஆடை ஆலையில் இருநூற்று இருபது தையல் மெஷின்களுக்கு அவள்தான் மெக்கானிக். தைக்கிற பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் திருப்புளி. நாற்பத்தேழு வயதில் அந்தப் பெயரோடு ஒருத்தி ஆலைக்குள் நடந்து வந்தால், மேனேஜர்கூட ஒதுங்கி வழிவிடுவார். புதிதாக வாங்கப்போகிற, பட்டன் ஓட்டை தைக்கிற காஜா மெஷினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு வரச்சொல்லி, ஆலைதான் அவளை அந்த வெளிநாட்டு நகரத்துக்கு அனுப்பியது. ஐந்து நாள் பயிற்சி, ஆறாம் நாள் மதியம் விமானம்.

ஆறாம் நாள் மதியம் கட்டாயம் விமானம். ஏனென்றால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவும் தம்பியும் ஒரு கடையை வாங்கக் கையெழுத்துப் போட வேண்டும். தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை. பதினொரு வருஷமாக இரண்டு பேர் பெயரிலும் ஒரே கணக்கில் சேர்த்த பணம் அதற்குத்தான். கடைக்காரர் கறாரான ஆள். திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு கையெழுத்தும் விழாவிட்டால், பத்தரைக்கு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். ஆறாம் நாள் விமானத்தை விட்டால் அடுத்தது திங்கட்கிழமை ராத்திரிதான்.

குறிப்புகளைச் சும்மா சொல்லக் கூடாது, நல்ல குறிப்புகள். பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வை என்பது முதலாவது. விமான நிலையத்தில் வண்டிக் கூலிக்கு மட்டும் பணம் மாற்று, மிச்சத்தை ஊருக்குள் மாற்று என்பது மூன்றாவது. கடையில் கார்டைத் தேய்க்கும்போது "உங்கள் ஊர்ப் பணமா, எங்கள் ஊர்ப் பணமா" என்று மெஷின் கேட்டால், யோசிக்காமல் அவர்கள் ஊர்ப் பணத்தையே அமுக்கு. நம் ஊர்ப் பணத்தை அமுக்கினால் மாற்று விலையை அவர்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள் என்பது ஏழாவது. யாராவது மேலே எதையாவது கொட்டிவிட்டுத் துடைக்க வந்தால், முதலில் பையைப் பிடி, அப்புறம் சட்டையைப் பார் என்பது பதினான்காவது. பாஸ்போர்ட் ஓட்டல் பெட்டகத்தில், நகல் கையில். என் போன் நம்பரைப் போனில் மட்டும் வைக்காதே, வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணு. கார்டை எப்போதும் அணைத்தே வை. தேவைப்படும்போது போனில் திறந்து, வேலை முடிந்ததும் மூடு.

இருபத்தேழாவது குறிப்பைப் படித்து அக்கா விமான நிலையத்திலேயே சிரித்துவிட்டாள். அதில் இப்படி எழுதியிருந்தது: "நீ போன் பண்ணிப் பணம் கேட்டாலும், கார்டைத் திறக்கச் சொன்னாலும், குரலை வைத்து நம்ப மாட்டேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே உன் குரலில் பேசும். நம் வீட்டு விஷயம் ஒன்று கேட்பேன். அது என்ன கேள்வி என்று இப்போது சொல்ல மாட்டேன். மூன்று தடவைதான். அதற்கு மேல் அந்த நம்பரை எடுக்க மாட்டேன்."

அந்த நகரத்தில் ஐந்து நாளும் அக்காவுக்குத் திருவிழாதான். பயிற்சிக் கூடத்தில் எல்லாரும் டீக்குப் போன நேரத்தில், காஜா மெஷினின் அடிவயிற்றில் டார்ச் அடித்துக்கொண்டு கிடப்பாள். பயிற்சியாளர் ஒரு தடவை கழற்றிக் காட்டியதை அவள் மூன்று தடவை கழற்றினாள். சாயங்காலம் தெருவில் நடந்தால், டிராமின் கதவு எப்படி மடங்குகிறது, டிக்கெட் மெஷின் சில்லறையை எப்படித் தரம் பிரிக்கிறது, ஓட்டல் அறையின் பெட்டகத்துக்கு எத்தனை நாக்கு என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். "உங்கள் ஊர்ப் பணமா, எங்கள் ஊர்ப் பணமா" என்ற கேள்வி வருகிறதா என்று பார்ப்பதற்காகவே நாலு கடையில் நாலு சோப்பு வாங்கினாள். மூன்று கடையில் வந்தது. அவளுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். இந்தப் பயலுக்கு ஊரில் உட்கார்ந்துகொண்டே இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். வெளிநாட்டு மண்ணை ஒரு நாள்கூட மிதிக்காதவன் அவன்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. காலையில் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துப் பெட்டியைக் கட்டி ஓட்டலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று கடைசியாக ஒரு நடை கிளம்பினாள். விமான நிலைய பஸ் பன்னிரண்டு பத்துக்கு. அதில் காசு வாங்க மாட்டார்கள், கார்டுதான். மூன்று இடத்தில் பிரித்து வைத்த பணம் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. மிச்சத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரே பர்ஸில் போட்டிருந்தாள். கடைசி நாள்தானே, மதியச் சாப்பாட்டுக்குத்தானே என்ற அலட்சியம். முதல் குறிப்பு அங்கேயே காலி.

மூலையில் ஒரு வங்கி, மூடியிருந்தது. வெளிச்சுவரில் பணம் எடுக்கிற மெஷின். ஐந்து நாளும் போகும்போதும் வரும்போதும் பார்த்த அதே மெஷின். அவளுக்குப் பணம் எடுக்க வேண்டிய வேலையே இல்லை. தெரு மெஷின் பக்கமே போகாதே, வங்கி திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே இருக்கிற மெஷினில் மட்டும் எடு என்று பதினோராவது குறிப்பு வேறு இருந்தது. ஆனால் இன்றைக்கு அந்த மெஷினின் வாய், அதாவது கார்டை நுழைக்கிற இடம், ஒரு நகக்கண் அளவு நீளமாக இருந்தது. அதன் பச்சை நிறத்திலும் ஒரு பொட்டு வித்தியாசம். நூறு பேர் பார்த்தாலும் தெரியாது. ஊசித் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத் தப்புமா?

பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். பக்கத்தில் போய் விரலால் தட்டினாள், அசைந்தது. கார்டை எடுத்து அதன் ஓரத்தை இடுக்கில் விட்டு நெம்பினாள், கொஞ்சம் வந்தது. இனி இரண்டு கையும் வேண்டும். போனையும் பர்ஸையும் மெஷினின் தட்டில் வைத்தாள். கார்டை, ஆலையில் ஸ்குரூவைக் கவ்விக்கொள்கிற பழக்கத்தில், பல்லில் கடித்துக்கொண்டாள். கட்டை விரல்களைக் கொடுத்து ஒரு இழு இழுத்ததும் பச்சை வாய் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே அசல் வாய் பத்திரமாக இருந்தது.

கையில் வந்ததைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சின்ன பேட்டரி, ஒரு காந்தத் தலை, மயிர் மாதிரி இரண்டு வயர். நுழைகிற கார்டையெல்லாம் படித்து வைத்துக்கொள்கிற திருட்டு வாய். தம்பி இதைப் பற்றிப் பேசியிருக்கிறான், படம் காட்டியிருக்கிறான்; அவனே கையால் தொட்டதில்லை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறான் பாவி, இந்தக் கையை வைத்துக்கொண்டு நாலு மெஷின் பழுது பார்த்துப் பிழைத்திருக்கலாமே என்று திருடனுக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது தட்டில் போனும் இல்லை, பர்ஸும் இல்லை.

தெருவில் நாலு பேர் நாலு பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. எவனைத் துரத்துவது? வாயில் கார்டு, கையில் திருட்டு வாய், இந்தக் கோலத்தில் அவள் நின்றதை யாராவது பார்த்திருந்தால் அவளைத்தான் கையும் களவுமாகப் பிடித்திருப்பார்கள். போனுக்கு அவள் வைத்திருந்தது ஒரு சோப்ளாங்கி பூட்டு. வருஷக்கணக்கில் எண்ணெயிலும் இரும்பிலும் தேய்ந்து அவள் விரலில் ரேகையே இல்லை; போன் அவள் விரலை மதிப்பதே கிடையாது. அதனால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் பூட்டு. அதற்குள் வங்கிக் கணக்கு. கணக்குக்குள் பதினொரு வருஷம்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஓட்டலுக்கு ஓடினாள். மணி பதினொன்று ஐந்து.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். இந்த ஆறு நாளில் இருவருக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. பாதி புரிகிற ஒரு பொது மொழியில், மீதியைக் கையால் பேசிக்கொள்வார்கள். முந்தாநாள் அவளுடைய நாற்காலிச் சக்கரத்தை அக்கா சரிபண்ணிக் கொடுத்திருந்தாள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்: பர்ஸ் போச்சு, போன் போச்சு, மதியம் விமானம், பஸ்ஸுக்குப் பணம் இல்லை. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. அவள் கண் தன்னையறியாமல் மேஜைக்கு அடியில் போய் வந்தது. மூடியிருப்பதைப் பார்க்காமல் இருக்க அக்காவால் முடியாது என்பது தெரிந்ததுதானே. எட்டிப் பார்த்தாள்.

அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதே பொது மொழியில் வரிசையாகக் குறிப்புகள். வெளியூரிலிருந்து வருகிற விருந்தினர்களிடம் ஊழியர்கள் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். மூன்றாவது குறிப்பு: பர்ஸ் தொலைந்தது, இன்றைக்கே விமானம் என்று சொல்பவர்களுக்குக் கையிலிருந்து பணம் கொடுக்காதே.

அந்த நிலையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நாம் இந்த ஊரைப் பார்த்துப் பயந்து இருபத்தேழு எழுதினால், இந்த ஊர் நம்மைப் பார்த்துப் பயந்து பன்னிரண்டு எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பெண் சங்கடத்தோடு விளக்கினாள். போன வருஷம் ஒரு ஆளுக்கு இரக்கப்பட்டு மேஜைப் பணத்தைக் கொடுத்தாளாம். ஆள் திரும்பவே இல்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அக்காவை நம்பவில்லை என்று அர்த்தமில்லை, ஆனால் கொடுக்க முடியாது. வேண்டுமானால் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று மேஜை போனை நகர்த்தி வைத்தாள். அக்கா திருட்டு வாயை மேஜையில் வைத்தாள். அதைப் பார்த்ததும் அந்தப் பெண் பக்கத்திலிருந்த இன்னொரு போனை எடுத்து போலீஸை அழைத்தாள்.

தம்பியின் நம்பர் வாய்ப்பாடு மாதிரியே வாயில் வந்தது. இரண்டாவது மணியில் எடுத்தான்.

போன் திருடு போனதை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை. "மூடுறதுக்குக் கேள்வி கிடையாது" என்று, அந்தப் போனிலிருந்து கணக்குக்குள் போகிற வழியை உடனே அடைத்துவிட்டான். இரண்டு நிமிஷம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பணம் ஒரு பைசா குறையவில்லை என்றான். அக்கா மேஜையில் சாய்ந்துகொண்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். கார்டு கையில் இருக்கிறது, ஆனால் அணைந்து கிடக்கிறது. போன் இல்லாமல் அவளால் திறக்க முடியாது. கூட்டுக் கணக்கு, அவனால் முடியும். திறந்துவிட்டால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

அதற்குப் பிறகு வந்தது தம்பியின் குரல் இல்லை, வங்கி ஆளின் குரல்.

"திறக்கிறதுக்குக் கேள்வி உண்டுங்க. அப்பாவோட வாட்சைத் தொலைச்சது யாரு?"

வாங்க போங்க என்று அவன் அவளிடம் பேசி அவள் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து அக்கா, நீ, போ, வா தான். அது ஒரு பக்கம் இருக்க, கேள்வி இவ்வளவு லேசாக இருக்கிறதே என்றும் அவளுக்குத் தோன்றியது. இந்தக் கதை தெரியாத சொந்தக்காரன் உண்டா? அப்பாவுக்கு அவர் வேலை செய்த இடத்தில் இருபத்தைந்து வருஷம் முடிந்ததற்குக் கொடுத்த வாட்ச். முதல் நாள் சாயங்காலம் ஒன்பது வயசுத் தம்பி அதை முழங்கை வரைக்கும் ஏற்றி மாட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான். மறுநாள் வாட்சைக் காணோம். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷமாக, எந்தக் கல்யாண வீட்டில் கூடினாலும் மாமா அவன் தோளைத் தட்டி, "இவன்தானே அப்பா வாட்சைத் தொலைச்சவன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

"நீதான்டா" என்றாள்.

"தப்பு. இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்குங்க" என்றுவிட்டு வைத்துவிட்டான்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு ஹாலில் இருந்த சோபாவில் போய் உட்கார்ந்தாள். மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தால் விட்டுப்போன இடத்தில் கோளாறு இருக்காது. பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நூல் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் சிக்குகிறது என்று. அப்படித்தான் யோசித்தாள். ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட பதில் தப்பு என்கிறான். சரியான பதில் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கு.

பன்னிரண்டு வயதில் வாட்சை எடுத்தது அவள். போட்டுக்கொள்ள இல்லை. அது எப்படி டிக் டிக் என்கிறது என்று பார்க்க. அப்பா குளிக்கப் போன நேரத்தில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், காம்பஸ் முனையால் பின்மூடியை நெம்பினாள். உள்ளே சக்கரத்துக்குள் சக்கரமாக அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் வாழ்க்கையில் அதைவிட அழகான ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று முனையை விட்டதும் ஒரு கம்பிச் சுருள் பட்டென்று எகிறியது, வாட்ச் நின்றது. மூடி திரும்பப் பொருந்தவில்லை. பயத்தில் கிணற்றில் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தால், அதற்குள் தம்பிக்கு அடி விழத் தொடங்கியிருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முதல் நாலு அடிக்கு, "நான் எடுக்கலப்பா" என்று கத்தினான். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டான். அவள் கதவோரம் நின்றாள். வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. அதற்கப்புறம் அப்பா அவன் கையில் ஒரு ரூபாயை நம்பிக் கொடுத்ததில்லை. கடைக்கு அனுப்பினால் எண்ணி அனுப்புவார், எண்ணி வாங்குவார், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால். பூட்டை நாலு தடவை இழுக்கிற ஆளை யார் செய்தார்கள் என்று யாராவது கேட்டால், அக்காவுக்கு விடை தெரியும். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. அவர் போன அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள்.

அப்படியென்றால் இவனுக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்? எப்போதிலிருந்து? ஒருவேளை தெரியாமலும் இருக்கலாம். தான் தொலைக்கவில்லை என்று மட்டும் அவனுக்குத் தெரியும், யார் என்று தெரியாது என்றால்? இப்போது வாயைக் கொடுத்து, தெரியாதவனுக்குத் தெரியவைப்பானேன்? மணி பதினொன்றரை.

இரண்டாவது தடவை போன் பண்ணினாள். வேறு கேள்வி கேளுடா என்றாள். அம்மாவின் தையல் பெட்டியில் என்ன இருக்கும், உனக்கு எந்தப் பல் முதலில் விழுந்தது, எதை வேண்டுமானாலும் கேள் என்றாள்.

"கேள்வியை மாத்தச் சொல்றவங்களைத்தான் மேடம் நாங்க முதல்ல சந்தேகப்படுவோம்" என்றான்.

ஞாபகமில்லை என்று மழுப்பிப் பார்த்தாள். ஞாபகமில்லை என்பது பதில் ஆகாது என்றான். இன்னும் ஒரு தடவைதான் என்று ஞாபகப்படுத்திவிட்டு வைத்தான். அந்த 'மேடம்' அக்காவை எங்கேயோ அடித்தது. அடித்த இடம் இது என்று தொட்டுக் காட்டத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. வரவேற்புப் பெண் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். ஏன் தரமாட்டேன் என்கிறார்கள் என்று கையால் கேட்டாள். நான் நான்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறான் என்று அக்கா சொன்னாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, அது கஷ்டமா என்று கேட்டாள். கொஞ்சம் கஷ்டம்தான் என்றாள் அக்கா.

வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து திருட்டு வாயை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, அக்கா சொன்னதை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், நாங்களே இதைத் தாண்டித்தானே தினமும் போகிறோம் என்று பாராட்டினார். வேறொரு நாளாயிருந்தால் அக்கா அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள். இன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போனபோது மணி பன்னிரண்டாக எட்டு நிமிஷம்தான் இருந்தது.

பஸ் நிறுத்தம் எதிர்ச்சாரியில். பெட்டி பக்கத்தில். பஸ் போனால் விமானம் போச்சு, விமானம் போனால் திங்கட்கிழமை போச்சு, கடை போச்சு. கடைக்காகவாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தாள். உடனே, கடைக்காகத்தான் சொல்ல வேண்டுமா, சீ என்றும் நினைத்தாள். முப்பத்தைந்து வருஷமாக உலகத்தில் இருக்கிற மூடியையெல்லாம் திறந்து பார்த்தவள், ஒரே ஒரு மூடி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போய் ரிசீவரை எடுத்தாள். அவசரத்தில் ஒரு எண் தப்பி, மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள்.

"சொல்லுங்க" என்றான்.

"நான்தான்" என்றாள். "வாட்சைத் தொலைச்சது நான். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கத் திறந்தேன், உடைஞ்சுபோச்சு. கிணத்துல போட்டுட்டேன். நீ அடி வாங்கினப்ப கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். சொல்லல. தப்புடா. ரொம்பத் தப்பு."

மறுபக்கத்தில் கீபோர்டு சத்தம் கேட்டது. வரவேற்புப் பெண் கடிகாரத்தைக் காட்டினாள். அக்கா அதைப் பார்க்கவில்லை.

"கார்டு திறந்தாச்சுக்கா" என்றான் தம்பி.

'கா' என்ற அந்த ஒரு எழுத்துக்கு அக்கா அழுதுவிட்டாள். பொது இடம், நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. எப்போதடா தெரியும் என்று கேட்டாள். அடி வாங்கிய மறுநாளே தெரியும் என்றான். பென்சில் எடுக்க அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்திருக்கிறான். மூலையில் மிளகு அளவுக்கு ஒரு பித்தளைச் சக்கரம் கிடந்திருக்கிறது. பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டானாம்.

"ஏன்டா அப்பாகிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு ரெண்டு நாள் பார்த்தேன். அப்புறம் ஸ்கூல் திறந்திருச்சு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். "கோபம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்கா. மாமா ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் நீ சிரிப்பே பாரு, அப்ப வரும்."

இனி மாமா சொன்னால் நான் எழுந்து சொல்லிவிடுகிறேன் என்றாள் அக்கா. பார்க்கலாம் என்றான். அவன் தொழிலில் யாரையும் சொல் ஒன்றை வைத்து நம்புவது கிடையாது.

இதைப் போய் ஏன் ரகசியக் கேள்வியாக வைத்தாய், கல் நெஞ்சுக்காரா என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அவன் வேலையைப் பற்றிப் பேசுகிற நிதானத்தில் விளக்கினான். அம்மாவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் திருடனுக்குக் கிடைத்துவிடும். சொந்தக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வீட்டுக் கதையும் கிடைத்துவிடும். மாமாவைக் கேட்டாலும் தம்பி என்பார், அத்தையைக் கேட்டாலும் தம்பி என்பாள். ஊருக்கே தெரிந்த பதில் ஒன்று இருந்து, அது தப்பாகவும் இருந்தால், அதைவிட நல்ல பூட்டு கிடையாது. சாவி அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

"முதல் தடவையே நான்னு தெரிஞ்சுதா, இல்லையா? உண்மையைச் சொல்லு" என்றாள்.

"குரல் உன்னுதுதான். ஆனா குரலை நம்பாதீங்கன்னு தினம் முப்பது பேருக்குச் சொல்றேன். நீ போய் பஸ்ஸைப் பிடி." வைக்கப்போனவன் மறுபடி பேசினான். "இந்தக் கேள்வி இனிமே உதவாதுக்கா. வெளிய வந்திருச்சு. வேற வைக்கணும்."

"எங்கிட்ட வேற ரகசியம் இல்லடா. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"எங்கிட்ட இருக்கு" என்றான் தம்பி. "அதுவும் அதே மாதிரி ஒண்ணு. உன் சம்பந்தப்பட்டது. வா, நேர்ல சொல்றேன்."

என்னடா என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

வரவேற்புப் பெண்ணே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். பஸ் கதவை மூடப்போகிற நேரம். அக்கா கார்டை வைத்தாள். மெஷின் ஒரு விநாடி யோசித்து, உங்கள் ஊர்ப் பணமா, எங்கள் ஊர்ப் பணமா என்று கேட்டது. அவர்கள் ஊர்ப் பணத்தை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஜன்னலோரமாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து குறிப்புகளை எடுத்து, இருபத்தேழாவதை மறுபடி படித்தாள்.

அவனிடம் அப்படி என்ன இருக்கும்? ஐந்து வயதிலிருந்து வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தாள். காணாமல் போன சாமான்கள், உடைந்த பாத்திரங்கள், தனக்கு விழுந்த திட்டுகள், நின்றுபோன ஒரு கல்யாணப் பேச்சு, யார் கொடுத்தார்கள் என்றே தெரியாமல் ஒரு வருஷம் கட்டப்பட்டிருந்த அவளுடைய தொழிற்பயிற்சிப் பள்ளிக் கட்டணம். அந்த இடத்தில் யோசனை கொஞ்ச நேரம் நின்றது. அப்போது அவனுக்குப் பதினாறு வயது. கையில் ஒரு ரூபாய்கூட யாரும் நம்பிக் கொடுக்காத பையன்.

பஸ் ஊரைத் தாண்டியிருந்தது. விமானம் ஒன்பது மணி நேரம். கேட்டுவிடக் கையில் போனும் இல்லை.